சோர்வு பாவமன்று

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஒருமுறையேனும் போய்வந்தவர்கள் அதன் இரைச்சலை எளிதில் மறக்க மாட்டார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் வழியில் அமைந்த இந்நகரைச் சுற்றியுள்ள காடுகளில் விளையும் தக்காளியும் முருங்கையும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் சின்ன வெங்காயமும் இங்கேதான் வந்து குவிகின்றன. (காடு என்றால் இங்கே வனமன்று, மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாய் உழைப்பைக் குடிக்கும் விளைநிலம்.) இங்கிருந்து லாரிகளில் ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. மலைக்கு அப்பால் உள்ளவர்களின் சாம்பாரும் அவியலும் நம் மண்ணை நம்பித்தான் கொதிக்கின்றன என்று இவ்வூரார் பெருமையோடு சொல்வதுண்டு. அப்பெருமையில் பொய்யில்லை.

ஆனால் அதே சந்தைக்கு வெளியே, சாலையோரத்தில், வேறொரு காட்சியையும் நாம் பார்த்திருக்கிறோம். வரத்து மிகுந்து விலை விழும் நாள்களில், பறிப்புக்கூலி, வண்டி வாடகை, சுமைக்கூலி, கமிஷன் எல்லாம் போக உழவர் கைக்கு வரும் சிட்டையில் மிச்சம் என்று ஒன்றும் இராது. சில நாள்களில் அவரே கையிலிருந்து போட வேண்டியிருக்கும். பெட்டிகளைத் திருப்பி எடுத்துச் செல்ல இன்னொரு வாடகை வேண்டும். எனவே பழுத்துச் சிவந்த தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டிகளோடு வீடு திரும்புகிறார். மாடுகள் வந்து தின்கின்றன. மறுநாள் நாளிதழில் ஒரு படம் வெளியாகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடு முழுவதும் அதுவே தலைப்புச் செய்தி. விலை இறங்கினால் உள்பக்கத்தில் ஒரு படம். அவ்வளவுதான்.

அந்த உழவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறார். முன்வரிசைக்குப் போகாமல் வாசலருகே நிற்கிறார். கடன் கொடுத்தவரும் அதே கோயிலில்தான் இருக்கிறார் என்பதால் தலை நிமிர்வதில்லை. அவர் காதில் அன்று விழும் மறையுரை எது? நம்பிக்கை உள்ளவன் சோர்ந்து போகமாட்டான் என்பது. கலக்கமும் கண்ணீரும் இறைவனை நம்பாதவர்களுக்கு உரியவை என்பது. ஒரு வாரம் முழுவதும் தன் வயலில் தோற்றவர், இப்பொழுது தன் ஞானஸ்நானத்திலும் தோற்றவராக வீடு திரும்புகிறார்.

இப்படிப் பேசுவோரைக் கண்டிக்கவே இக்கட்டுரை. ஆனால் கண்டனத்தை நம் வீட்டிலிருந்தே தொடங்குவது முறை. சில ஆண்டுகளுக்கு முன், அன்பியக் கூட்டம் ஒன்றில், தக்காளி போட்டுக் கடனாளியான ஒருவர் தயங்கித் தயங்கித் தமக்குச் செபம் வரவில்லை என்று சொன்னார். செபமாலையைக் கையில் எடுத்தால் கை கனக்கிறது என்றார். உடனே நாம் விவிலியத்தைப் புரட்டினோம். மூன்று பேர் மூன்று வசனங்களை வாசித்துக் காட்டினோம். ஒருவர் தம் சொந்த வாழ்வில் பெற்ற ஆசீரைச் சாட்சியாகச் சொன்னார். பிறகு பாட்டுப் பாடி, சுண்டல் உண்டு, கலைந்து சென்றோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நம்மில் ஒருவர் சொன்னார், நாம் தலையசைத்தோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இத்தவறான போதனைக்கு ஓரளவு நம் மொழியும் இடந்தந்துவிட்டது என்று தோன்றுகிறது. பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று தேவ புண்ணியங்களை நம் பாட்டிமார் பிரித்தே படித்தார்கள். விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு விசுவாசத்தை நம்பிக்கை என்றும், பழைய நம்பிக்கையை எதிர்நோக்கு என்றும் பெயர் மாற்றியது. தமிழ்நடை கருதிச் செய்த மாற்றம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் வழக்குத் தமிழில் நம்பிக்கை என்ற சொல் இன்னொரு பொருளையும் சுமக்கிறது. நாளைக்கு நல்லது நடக்கும் என்ற மனத்தெம்பே மக்கள் பேச்சில் நம்பிக்கை. மருத்துவர் கைவிரித்தால் நம்பிக்கை இல்லை என்கிறோம். மழை பொய்த்தால் நம்பிக்கை போய்விட்டது என்கிறோம். ஆகவே, விலை ஏறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்று ஓர் உழவர் சொல்லும்போது, அவர் இறைவனையே மறுதலித்துவிட்டதைப் போல நம் காதுகள் கேட்கின்றன. அவர் சொன்னது சந்தை நிலவரம். நாம் கேட்டதோ விசுவாசப் பிரமாணம்!

சொல்லின் குழப்பம் மட்டும் இதற்குக் காரணமென்று தப்பித்துக்கொள்ளவும் இயலாது. கடந்த பல ஆண்டுகளாக, ஆசீர்வாதக் கூட்டங்களின் போதனை நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்டது. முன்பு பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்கள். இன்று கைப்பேசியில் விடியுமுன்னே பேசுகிறார்கள். புத்தாண்டு தோறும் ஒரு வாக்குத்தத்த அட்டை. அதில் ஒரு வசனம். அந்த ஆண்டு முழுவதும் அது பலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. இறைவார்த்தையை வீட்டுச் சுவரில் மாட்டுவதை நாம் குறை சொல்லவில்லை. வசனம் பலிக்காதபோது பழி யார்மேல் விழுகிறது என்பதே நம் கேள்வி. அப்பழி இறைவன்மேல் விழாது, விழவும் கூடாது. போதித்தவர்மேலும் விழுவதில்லை. எஞ்சியிருப்பவர் அந்த ஏழை ஒருவரே. உன் விசுவாசம் போதவில்லை என்ற தீர்ப்போடு கணக்கு முடிக்கப்படுகிறது. இது வட்டிக்கடைக்காரரின் கணக்கைவிடக் கொடியது. அவராவது அசல் எவ்வளவு என்று சொல்லுவார்.

விவிலியம் இப்படியா பேசுகிறது? எலியா இறைவாக்கினரை எடுத்துக்கொள்வோம். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்தவர். அவரைவிட வல்லமையான விசுவாசி யார்? அந்த வெற்றியின் ஈரம் காயுமுன்னே, ஈசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளனை விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துக்குள் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் கேட்கிறார். கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார்.

நம் கூட்டங்களின் போதகர் ஒருவர் அந்த வானதூதரின் இடத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கார்மேலை மறந்தாயா என்று அதட்டியிருப்பார். உன் அவிசுவாசத்துக்காக மனம் வருந்து என்றிருப்பார். விவிலியத்தில் வரும் வானதூதரோ அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தொட்டு எழுப்பி, உண்ணச் சொல்கிறார். தலைமாட்டில் சூடான கற்களில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. எலியா உண்டு குடித்துவிட்டு என்ன செய்கிறார்? மீண்டும் படுத்துக்கொள்கிறார்! வானதூதரே வந்து சமைத்துப் போட்ட பிறகும் எழுந்து நடக்க அவருக்குத் தெம்பு வரவில்லை. அதற்கும் கோபமில்லை. தூங்க விடுகிறார். இரண்டாம் முறை வந்து மறுபடியும் உணவே தருகிறார். போகவேண்டிய தொலைவு மிகுதி என்பதையும் ஒத்துக்கொள்கிறார். தொலைவு ஒன்றுமில்லை, எல்லாம் உன் மனத்தில்தான் என்று அவர் சொல்லவில்லை என்பதை நம் மறையுரையாளர்கள் கவனிப்பார்களாக.

பின்பு நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்கு வந்ததும் இறைவன் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். எலியா புலம்புகிறார். நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன் என்பது அப்புலம்பலின் சாரம். பெருங்காற்றும் நிலநடுக்கமும் தீயும் கடந்துபோய் மெல்லிய ஒலி வந்த பிறகும், அதே கேள்விக்கு அதே புலம்பலை ஒரு சொல் மாறாமல் எலியா ஒப்புவிக்கிறார். இறைக்காட்சி கண்ட பிறகுமா சோர்வு என்று நமக்குத் தோன்றும். ஆண்டவர் அந்தப் புலம்பலை இரண்டு முறையும் முழுமையாகக் கேட்கிறார். அதன்பின் மூன்று பேரைத் திருநிலைப்படுத்தும் வேலையைத் தருகிறார். அவர்களுள் ஒருவர் அவருக்குத் துணையாகப் போகும் எலிசா. பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்ற செய்தியையும் தருகிறார். சோறு, தூக்கம், செவிமடுத்தல், வேலை, துணை. சோர்ந்துபோன ஓர் இறைவாக்கினருக்கு விண்ணகம் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு இது.

யோபுவின் நண்பர்கள் மூவர் அவரைப் பார்க்க வந்தபோது ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலெல்லாம் நல்ல காரியம் அது ஒன்றே. வாயைத் திறந்த பிறகு இறைவனுக்காக வாதாடத் தொடங்கினார்கள். துன்பப்படுகிறவன் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று நிறுவினார்கள். நூலின் முடிவில் இறைவனின் சினம் யார்மேல் எழுகிறது? தாம் பிறந்த நாளையே சபித்த யோபுவின்மேல் அன்று. தம்மைத் தாங்கிப் பேசிய அந்த நண்பர்கள்மேல்! யோபு அவர்களுக்காக மன்றாடினால்தான் மன்னிப்பு என்றும் சொல்லப்படுகிறது. ஆறுதல் சொல்லப் புறப்படும் ஒவ்வொருவரும் அந்த நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் புறப்படுதல் நலம்.

திருப்பாடல்களுள் 88-ஆம் பாடல் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. வேறு புலம்பல் பாடல்களில் இறுதியிலேனும் ஒரு புகழ்ச்சி எட்டிப்பார்க்கும், இதில் அதுவுமில்லை. திருச்சபை இதை ஒளித்து வைத்ததா? இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் குருக்களும் துறவியரும் சொல்ல வேண்டிய பாடலாக இதையே வைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை, உறங்கப் போகுமுன், உலகில் எங்கோ ஒளியின்றிக் கிடக்கும் யாரோ ஒருவருடைய குரலைத் திருச்சபை தன் குரலாக ஏற்கிறது. அக்குரல் இறைவனை நோக்கித்தான் எழுகிறது, அதுதான் விசுவாசம். தெம்பு வேறு, விசுவாசம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துயரத்தில் மூழ்கி, மூன்று சீடர்களை உடன் விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அன்பியங்களில் நாமும் அவர்களுடைய வாரிசுகளே.

புனிதர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. மதுரை மறைத்தளத்தை நமக்குத் தந்த சேசு சபையின் தந்தை புனித இஞ்ஞாசியார், மன்ரேசாவில் மனச்சாட்சிக் குழப்பத்தால் வதைபட்ட நாள்களில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தம்மை அடிக்கடி தாக்கியது என்று தம் வரலாற்றிலேயே பதிவு செய்திருக்கிறார். அந்த அனுபவத்திலிருந்து அவர் தந்த விதி, மனவறட்சியின் காலத்தில் முன்பு தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவை மாற்றாதே என்பது. எவ்வளவு நடைமுறைக்கு உகந்த ஆலோசனை! சோர்ந்திருப்பதற்காக அவர் யாரையும் கண்டிக்கவில்லை. சோர்ந்திருக்கும்போது நிலத்தை விற்காதே, உறவை முறிக்காதே என்பதே அதன் பொருள். கொல்கத்தா அன்னை தெரேசா ஏறத்தாழ 50 ஆண்டுகள் அகவிருளில் நடந்தார் என்பது அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. சிலர் அதிர்ந்தார்கள். திருச்சபை அதிரவில்லை, 2016-இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவருடைய திருவுருவத்துக்கு நாம் ரோசாப்பூ வைக்கிறோம். அவருடைய கடைசி ஒன்றரை ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை. 1896 பாஸ்கா காலம் தொட்டு 1897 செப்டம்பரில் இறக்கும்வரை விண்ணகம் என ஒன்று இருக்கிறதா என்ற இருள் அவரை மூடியிருந்தது. காசநோயின் வேதனை அதோடு சேர்ந்தது. அந்நாள்களில் அவர் மடத்தின் முன்னாள் தலைவியான தம் அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். கடும் வேதனைப்படும் நோயாளியின் அருகில் நஞ்சாகக் கூடிய மருந்துகளை விட்டுவைக்காதீர்கள், ஒரு நொடியில் அறிவு கலங்கிவிடும் என்பது அதன் கருத்து. பின்னாளில் திருச்சபையின் மறைவல்லுநர் என்று 1997-இல் அறிவிக்கப்பட்டவர் சொன்னது இது. இந்த எச்சரிக்கையை நம் ஊர்ப்புறத்து வீடுகளில் பொருத்திப் பாருங்கள். பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? திண்ணையில், அடுப்படி மூலையில், கைக்கெட்டும் இடத்தில்.

சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர், கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். வங்கிப் பெட்டகம்போல ஊருக்குப் பொதுவான பெட்டக அறை; அவரவர் பூச்சிமருந்தை அதில் வைத்துப் பூட்டி, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது. அவ்வூர்களில் இத்தகைய சாவுகளும் முயற்சிகளும் குறைந்தன என்று 2013-இல் வெளியான அவர்களது ஆய்வு கூறியது. நொடிநேரக் கலக்கத்துக்கும் கைக்கும் நடுவே சற்றுத் தொலைவு இருந்தால் ஓர் உயிர் தப்புகிறது. இது அறிவியல் என்பர். லிசியே மடத்துப் படுக்கையிலிருந்து அந்தக் கன்னிகை சொன்னதும் இதுவேயன்றோ?

இனி நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும் ஒரு செய்தி. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கோயில் மணி அடிக்காத காலம் இருந்தது. மந்திரித்த கல்லறையில் இடமில்லை, பூசையுமில்லை. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அறிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அடக்கம் மறுக்கப்படுவோரின் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அளித்த மறைக்கல்வி நூல், கடும் மனநோயும் பெருந்துயரும் அச்சமும் அச்செயலின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. உயிர் இறைவனின் கொடை, அதை மாய்க்க நமக்கு உரிமையில்லை என்ற போதனை மாறவில்லை. மனிதரைப் பற்றிய அறிவு ஆழமாயிற்று. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் நாக்குகள் இன்னும் 1917-லேயே இருக்கின்றன. அத்தகைய சாவு நிகழ்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகிறோம். அந்தக் கைம்பெண் கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற, கூட்டம் கலைந்த பிறகே வருகிறார். இது யாருடைய பாவம்?

நம்மிடம் இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, பக்தர்களுடையது. அப்படியானால் விசுவாசத்தால் பயன் ஒன்றுமில்லையா, கிறிஸ்துவின் வெற்றி எங்கே என்பார்கள். பயன் உண்டு, அதனால்தான் இத்தனை கடுமையாக எழுதுகிறோம். சோர்வு வந்தவர் அந்தச் சோர்வையே இறைவனிடம் கொண்டுபோகலாம், முகத்தைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்ற உரிமையை விசுவாசம் தருகிறது. சாலையோரத்தில் கொட்டப்பட்டது தக்காளிதான், தான் அல்ல என்று அறியும் அறிவைத் தருகிறது. சிட்டையில் எழுதிய தொகை தன் விலையன்று. தன்னை விலைகொடுத்து மீட்டவர் வேறொருவர். உயிர்த்தெழுதலுக்கு முன் ஒரு பெரிய சனிக்கிழமை உண்டு. அந்த நாளில் சீடர்கள் கையில் அசைக்க முடியாத தெம்பு எதுவும் இருக்கவில்லை; கதவைப் பூட்டிக்கொண்டு ஒன்றாக இருந்தார்கள். எம்மாவுக்குப் புறப்பட்ட இருவரோ தங்கள் எதிர்பார்ப்பு பொய்த்ததையே வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு நடந்தார். முதலில் அவர்கள் கதையைக் கேட்டார். பிறகே மறைநூலை விளக்கினார். முடிவில் அப்பம் பிட்டார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விளக்கத்தை முன்னே வைத்துக் கேட்பதை மறந்துவிட்டதுதான் நம் குற்றம். 2025-ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலியாகக் கொண்டாடினோம். கோயில் முகப்புகளில் பதாகைகள் தொங்கின. அப்பதாகைக்குக் கீழே வாசலருகே நின்றவரின் தோளில் எத்தனை பேர் கைவைத்தோம்?

இன்னொரு மறுப்பு, உலக நடப்பு அறிந்தவர்களுடையது. உழவருக்கு வேண்டியது கட்டுப்படியாகும் விலை. கோயிலும் செபமும் அதைத் தருமா என்பார்கள். தராது. அதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. மத்திய அரசு 22 விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. தக்காளியும் முருங்கையும் அவற்றுள் இல்லை. நம் காய்கறியை வாங்கிச் சமைக்கும் கேரளம், 2020 நவம்பர் முதல் தன் உழவர்களுக்காகப் 16 வகைக் காய்கனிகளுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. அண்டை மாநிலத்துக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது என்று கேட்பதும் நீதியின் மேலுள்ள பசிதாகமே. கிறிஸ்தவர்கள் அதைக் கேட்க வேண்டும், உரத்துக் கேட்க வேண்டும். ஆனால் விலை வரும்வரை அந்த வீட்டில் இரவு எப்படிக் கழியும்? எல்லாவற்றையும் விலையால் தீர்க்கலாம் என்பவர், நல்ல விலை கிடைத்த ஆண்டிலும் மனம் உடைந்தவர்களைச் சந்தித்ததில்லை போலும். மனிதரைச் சிட்டையாகப் பார்ப்பதில் சில வியாபாரிகளும் சில பொருளியலாரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஒட்டன்சத்திரத்தையே ஒரு பாடமாகக் கொள்ளலாம். 1955-இல் மருத்துவர் ஏ.கே. தரியனும் மருத்துவர் ஜேக்கப் செரியனும் இங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நகரத்தில் நல்ல வருவாய் ஈட்டியிருக்கக்கூடிய மருத்துவர்கள், அன்று சிற்றூராக இருந்த இவ்விடத்தைத் தேர்ந்துகொண்டார்கள். தங்கள் பணிக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். அற்புதம் என்றோ ஆசீர்வாதம் என்றோ வைக்கவில்லை. கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனை என்று வைத்தார்கள். பெல்லோஷிப் என்பதற்குத் தோழமை என்று பொருள் கொள்ளலாம். சோர்ந்தவருக்கும் நோயுற்றவருக்கும் தேவைப்படுவது எதுவென்று அந்தப் பெயர்ப்பலகை எழுபது ஆண்டுகளாக இந்தச் சாலையில் போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்துக்கொண்டேதான் நாமும் திருப்பலிக்குப் போய் வருகிறோம்.

ஆகவே பங்குப் பேரவைகளுக்குச் சில கோரிக்கைகள். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் தம் துயரைச் சொன்னால் அன்றைக்கு வசனம் வாசிக்க வேண்டாம். மறுநாள் இருவர் அவர் வீட்டுக்குப் போகட்டும், வெறுங்கையோடு போகாமல். உறக்கமின்றி, உணவு செல்லாமல், சாவைப் பற்றியே பேசுபவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவன்று. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கும்போது யாரும் நம் விசுவாசத்தை அளப்பதில்லையே. அரசின் 104 என்ற எண்ணிலும், 2022 முதல் இயங்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் இரவு பகலாக ஆள் இருக்கிறார்கள். அவ்விரு எண்களையும் கோயில் அறிவிப்புப் பலகையில் திருமண அறிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். தம்மை மாய்த்துக்கொண்டவர்களின் பெயர்களையும் நவம்பர் மாதத் திருப்பலியில் மற்றப் பெயர்களோடு சேர்த்து, குரல் தாழ்த்தாமல் வாசிக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு ஊர்ப் பெட்டகம் வைக்க நம் பங்கு மன்றத்தில் ஓர் அறை ஒதுக்குவது பற்றியும் யோசிக்கலாம். நாற்காலிகளும் சமையல் பாத்திரங்களும் அடுக்கிவைக்க அறை இருக்கிறதல்லவா?

தமக்குச் செபம் வரவில்லை என்று சொன்ன அந்த மனிதரின் வீட்டுக்கு நாம் போகவே ஏழு மாதம் ஆயிற்று. வெறுங்கையோடுதான் போனோம். என்ன சொல்வதென்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கொல்லையில் முருங்கை காய்த்திருப்பதாகச் சொன்னார். உள்ளே திரும்பி, சாமிக்கண்டவர்களெல்லாம் வந்திருக்கிறார்கள், உலை வை என்று மனைவியிடம் சொன்னார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை நமக்குத் தெரியவில்லை. முருங்கைக்காய் சாம்பாரும் சோறும் போட்டார்கள். உண்டோம்.